உடையும் சத்தத்தை அளக்க ஒரு மைக்: யூமிக்-1, ஆர்இடபிள்யூ பற்றி ரேடியோ செட்டுக்காரர்களுக்கு

மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 என்பது யுஎஸ்பி கேபிளில் நேராக லேப்டாப்பில் சொருகுகிற அளவீட்டு மைக். கூடவே ஓட்ட வேண்டிய மென்பொருள் ரூம் இக்யூ விசார்ட், சுருக்கமாக ஆர்இடபிள்யூ. ஜான் மல்காஹி எழுதியது, இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஹோம் தியேட்டர் ஆட்கள் இந்த ஜோடியை ஹாலில் பேஸ் எங்கே குமிகிறது என்று பார்க்க வாங்குகிறார்கள். நமக்கு அந்தக் கோடு (எந்த அதிர்வெண் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் ரெஸ்பான்ஸ்) இரண்டாம் பட்சம். கோயில் கொடைக்கு ரேடியோ செட் (ஒலிபெருக்கி) கட்டுகிறவர், பெட்டி அடிக்கிறவர், ஸ்பீக்கர் காயில் மாற்றிக் கொடுக்கிறவர் ஆகியோருக்கு "அண்ணாச்சி, சவுண்டு உடையுதுல்லா" என்று கமிட்டிக்காரர் சொன்ன பிறகு தேவைப்படுவது வேறு விடை: மிக்ஸரிலா, ஆம்பிலா, ஸ்பீக்கரிலா, கரண்டிலா? அந்த விடையைக் கண்டுபிடிக்க இந்த மைக் எவ்வளவு தூரம் உதவும் என்பதை மட்டும் வைத்து இதை மதிப்பிடலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெட்டிக்கும் ஸ்பீக்கருக்கும் இது போதும். ஆம்பிளிஃபயரை அளக்க மைக்கே வேண்டாம், ஆர்இடபிள்யூ மட்டும் போதும். ஸ்பீக்கர் காயில் காந்தத்தில் உரசுவதைக் கண்டுபிடிப்பதில் இரண்டையும் விட, பழகிய காது முந்திக்கொள்கிறது.

மைக்கின் மேல் வரிசை எண் அச்சிட்டிருக்கும். அதை மினிடிஎஸ்பி தளத்தில் கொடுத்தால் அந்த ஒரு மைக்குக்கே உரிய கேலிபரேஷன் கோப்பு கிடைக்கும். நேராகக் காட்டி அளக்க ஒன்று, 90 டிகிரியில் நிறுத்தி அளக்க ஒன்று. கோப்பின் முதல் வரியில் மைக்கின் உணர்திறனும் இருப்பதால் ஆர்இடபிள்யூ டெசிபெல் அளவைத் தானாகக் காட்டிவிடும், தனியாகச் சவுண்ட் லெவல் மீட்டர் வைத்துச் சரிபார்க்கும் வேலை இல்லை. விண்டோஸில் மைக் வால்யூமை 100-இல் வையுங்கள், "ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்" என்று இருப்பதை எல்லாம் அணைத்துவிடுங்கள். இதை விட்டுவிட்டு அளந்தால் வருகிற எண்கள் எல்லாம் குப்பை. லேப்டாப்பிலிருந்து மிக்ஸருக்கு வயரில்தான் போக வேண்டும். புளூடூத்தில் அனுப்பினால் அதன் சுருக்கமும் கணக்கில் சேர்ந்துகொள்ளும்.

அளக்கிற இடம்தான் பாதி வேலை. கல்யாண மண்டபத்துக்குள் வைத்தால் சுவர் எதிரொலி அடிப்படை ஸ்வரத்தை, அதாவது நாம் அனுப்பிய ஓசையை, சில அதிர்வெண்களில் அடக்கிவிடும். டிஸ்டார்ஷன் (சத்தம் உடைவது) சதவீதம் அடிப்படையோடு ஒப்பிட்டுத்தான் வருகிறது என்பதால், அந்த இடங்களில் ஸ்பீக்கர் ஒரு தப்பும் செய்யாமலேயே 8 சதவீதம், 10 சதவீதம் என்று கோடு முளைக்கும். நம் ஊர்ப்பக்கம் இதற்கு அருமையான இடம் உண்டு: நெல் காயப்போடும் சிமெண்டுக் களம். சுற்றிலும் பத்துப் பதினைந்து மீட்டருக்குச் சுவர் இல்லாத களத்தில் பெட்டியைத் தரையோடு படுக்க வைத்து, மைக்கையும் ஸ்டாண்டு இல்லாமல் தரையிலேயே கிடத்தி, 2 மீட்டர் தள்ளி அளந்தால் தரை எதிரொலி நேர் ஒலியோடு ஒன்றாகச் சேர்ந்து 6 டெசிபெல் கூட்டிக் கொடுக்கும். தூரம் இரட்டிப்பானதால் 6 டெசிபெல் போகும், தரை 6 டெசிபெல் தரும். ஆகவே களத்தில் 2 மீட்டரில் வருகிற எண், திறந்த வெளியில் 1 மீட்டரில் வருகிற எண்ணுக்குச் சமம். ஸ்பீக்கர் அட்டையில் போட்டிருக்கும் சென்சிடிவிட்டியோடு (1 வாட்டுக்கு 1 மீட்டரில் வரும் டெசிபெல்) நேராக ஒப்பிடலாம். திசையன்விளைப் பக்கம் தேரி மணலில் வைத்து இதைச் செய்யாதீர்கள். மணல் உயர்ந்த ஸ்வரங்களைக் குடித்துவிடும், கணக்கு நிற்காது.

அடுத்த தொல்லை காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவும் செங்கோட்டைக் கணவாய் வழியாகவும் ஆனி, ஆடியில் அடிக்கிற காற்று, மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் பெரும்பாலும் விழுகிறது. சப் ஊஃபரின் குறை தெரிய வேண்டிய இடமும் அதுதான். மைக்குக்கு ஃபோம் உறை போட்டாலும் ராதாபுரம், வள்ளியூர்ப் பக்கம் மதியத்தில் அளப்பது வீண். தரையில் கிடக்கும் மைக்குக்குக் காற்று கொஞ்சம் குறைவாகப் படும் என்பது களத்தில் அளப்பதில் இன்னொரு லாபம். விடியற்காலை காற்று அடங்கியிருக்கும்தான். ஆனால் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. ஆறு மணிக்குத் தொடங்கிக் காற்று எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும்.

இனி அளவு. ஆர்இடபிள்யூ ஜெனரேட்டரில் 100 ஹெர்ட்ஸ் சைன் (ஒரே அதிர்வெண் ஓசை) போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, 2.83 வோல்ட் வரும்வரை மிக்ஸரை ஏற்றுங்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 1 வாட். 8.9 வோல்ட் என்றால் 10 வாட், 20 வோல்ட் என்றால் 50 வாட், 28.3 வோல்ட் என்றால் 100 வாட். மலிவு மல்டிமீட்டர்கள் 50 முதல் 400 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான் நம்பகமானவை. 1 கிலோஹெர்ட்ஸில் வைத்துப் பார்த்துவிட்டு ஆம்பைக் குறை சொல்லக் கூடாது.

பிறகு "மெஷர்" பொத்தான். மென்பொருள் கீழ் ஸ்வரத்திலிருந்து மேல் ஸ்வரம் வரை ஒரு சறுக்கு ஓசையை அனுப்பும். ஆஞ்செலோ ஃபரினா 2000-ஆம் ஆண்டு பாரிஸில் நடந்த ஒலிப் பொறியாளர் மாநாட்டில் விளக்கிய முறை இது. அதிர்வெண் லாகரிதக் கணக்கில் ஏறுவதால், அளந்ததைத் திருப்பிக் கணக்கிடும்போது இரண்டாம் ஹார்மோனிக், மூன்றாம் ஹார்மோனிக் (அனுப்பிய அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கில் முளைக்கும் ஓசை) எல்லாம் நேர் ஒலியின் முன்னால் தனித்தனித் துடிப்புகளாகப் பிரிந்து நிற்கும். ஒரே ஓட்டத்தில் ரெஸ்பான்ஸும் டிஸ்டார்ஷனும் கிடைத்துவிடுகின்றன. 256கே சாம்பிள் நீளத்தில் ஐந்தரை வினாடி ஓடும், ஒரு மெகாவில் 22 வினாடி. நீளம் இரட்டிப்பானால் இரைச்சல் 3 டெசிபெல் தணியும். ஆனால் 100 வாட்டில் நீள ஓட்டம் வைத்தால் காயில் கொதிக்கும். செம்பின் மின்தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். காயில் 100 டிகிரி சூடானால் 8 ஓம், 11 ஓமாக நிற்கும், சத்தம் தானாகக் குறையும். சித்திரை வெயிலில் மதியம் ஒன்றும் சாயங்காலம் ஒன்றுமாக எண் வருவதற்கு இதுவும் ஒரு காரணம். குறைந்த வாட்டில் நீளமாகவும் கூடிய வாட்டில் குட்டையாகவும் ஓட்டுவதே சரி. ஹார்ன் டிரைவரைத் தனியாக அளக்கும்போது தொடக்க அதிர்வெண்ணை 500-க்குக் கீழே விடாதீர்கள். ஹார்ன் தாங்கும் எல்லைக்குக் கீழே டயஃப்ரத்துக்கு எதிர் அழுத்தம் இல்லை, ஆட்டம் மிஞ்சி ஒரே ஓட்டத்தில் கிழிந்துவிடும்.

வரைபடத்தைப் படிப்பதற்கு ஒரு கணக்கு மனசில் இருந்தால் போதும்: அடிப்படைக்கு 20 டெசிபெல் கீழே என்றால் 10 சதவீதம், 30 என்றால் 3 சதவீதம், 40 என்றால் 1 சதவீதம், 60 என்றால் 0.1 சதவீதம். 1 வாட், 10 வாட், 50 வாட் என மூன்று ஓட்டம் எடுத்து அடுக்கிப் பாருங்கள். வாட் ஏற ஏற இரண்டாம் ஹார்மோனிக் மெல்ல ஏறினால் அது ஸ்பீக்கரின் இயல்பு: காயில் காந்த இடைவெளியின் நடுவில் உட்காரவில்லை, அல்லது ஸ்பைடர் (காயிலைத் தாங்கும் மடிப்புத் துணி) ஒரு பக்கம் இறுக்கம். மூன்றாம் ஹார்மோனிக் திடீரென்று எகிறினால் காயில் இரு பக்கமும் எல்லையில் முட்டுகிறது, அல்லது ஆம்ப் கிளிப் ஆகிறது (வோல்ட் எல்லையில் அலையின் தலை வெட்டுப்படுகிறது). இரண்டையும் பிரிப்பது எளிது: ஸ்பீக்கர் முட்டுவது பேஸில் மட்டும் தெரியும், ஆம்ப் கிளிப் ஆவது எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே வாட்டில் தெரியும்.

இங்கே யூமிக்-1 மீது முக்கியமான ஒரு எச்சரிக்கை. 97 டெசிபெல் சென்சிடிவிட்டி உள்ள 12 அங்குலப் பெட்டிக்கு 100 வாட் கொடுத்தால் களத்தில் 2 மீட்டரில் 117 டெசிபெல் வரும். இத்தனைச் சத்தத்தில் சின்ன எலெக்ட்ரெட் கேப்ஸ்யூலும் உள்ளே இருக்கிற பெருக்கியும் தங்கள் சொந்த டிஸ்டார்ஷனைச் சேர்க்கத் தொடங்கும். மைக்கின் தப்பா ஸ்பீக்கரின் தப்பா என்று பார்க்க வாட்டை மாற்றாமல் மைக்கை 4 மீட்டருக்குத் தள்ளி வையுங்கள். சத்தம் 6 டெசிபெல் குறையும். டிஸ்டார்ஷன் சதவீதம் அப்படியே நின்றால் அது ஸ்பீக்கருடையது. சதவீதமும் குறைந்தால் மைக் முட்டிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். சப் ஊஃபரின் கோனுக்கு ஒட்டி வைத்து அளக்கிறவர்கள் பலர் இதைப் பார்க்காமலேயே பெட்டியைக் குறை சொல்கிறார்கள்.

இரண்டாவது குறை, இந்த மைக் 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங்கோடு நின்றுவிடுகிறது. அதில் பாதி, 24 கிலோஹெர்ட்ஸ் வரைதான் அளக்க முடியும்; 10 கிலோஹெர்ட்ஸின் மூன்றாம் ஹார்மோனிக் 30 கிலோஹெர்ட்ஸ், அது கண்ணிலேயே படாது. ரேடியோ செட் வேலைக்கு இதனால் நஷ்டம் இல்லை, அந்த உயரத்தில் நம் காதும் மூடியே இருக்கிறது.

மூன்றாவது குறைதான் நடைமுறையில் கையைக் கடிக்கும். மைக்குக்குச் சாம்பிளை எண்ணும் ஒரு கடிகாரம், லேப்டாப்பின் ஹெட்போன் துளைக்கு வேறொரு கடிகாரம். சறுக்கு ஓசையில் இது பெரிதாகத் தெரியாது. ஒரே ஸ்வரத்தை நிறுத்தி வைத்து ஆர்டிஏ (ஓசையை அதிர்வெண் வாரியாக உடனுக்குடன் காட்டும்) சாளரத்தில் பார்க்கும்போது, அந்த ஸ்வரத்தின் இரண்டு பக்கமும் பாவாடை விரிந்து அருகிலுள்ள சின்னக் கோடுகளை மறைத்துவிடும். விண்டோ தெரிவில் பிளாக்மேன்-ஹாரிஸ் வகையை வைத்தால் பாவாடை சுருங்கும். எஃப்எஃப்டி (ஓசையை அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கும் கணக்கு) நீளம் 64கே வைத்தால் ஒவ்வொரு பட்டையும் 0.73 ஹெர்ட்ஸ் அகலம்தான், களத்து இரைச்சல் பல ஆயிரம் பட்டைகளில் சிதறிப்போய் 0.1 சதவீதக் கோடும் தலை நீட்டும். ஏற்கெனவே 48 வோல்ட் ஃபாண்டம் (மைக் வயரிலேயே போகும் கரண்டு) தருகிற ஆடியோ இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவர் யூமிக் வாங்க வேண்டியதில்லை. பெரிங்கர் ஈசிஎம்8000 மாதிரியான எக்ஸ்எல்ஆர் அளவீட்டு மைக் ஒன்றே போதும், உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே கடிகாரத்தில் ஓடும். மொபைல் போன் மைக்கையோ பாடகர் பிடிக்கிற மைக்கையோ வைத்து அளக்கலாமா என்றால், கூடாது. போன் தானாகவே சத்தத்தை ஏற்றி இறக்கும், பாட்டு மைக்கின் ரெஸ்பான்ஸே மேடு பள்ளம்.

கரண்டு தருகிற ஜெனரேட்டரில் செட் ஓடும்போது 50, 100, 150 ஹெர்ட்ஸில் கோடுகள் நிற்கும். சோதனை ஸ்வரத்தை நிறுத்திப் பாருங்கள். அப்போதும் நிற்கிற கோடு டிஸ்டார்ஷன் இல்லை, ஹம். சோதனைக்கு 100 ஹெர்ட்ஸுக்குப் பதில் 110 ஹெர்ட்ஸ் போட்டால் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழாது.

ஆம்புக்கு மைக் வேண்டாம் என்றது ஏன் என்றால், ஒழுங்கான ஆம்பின் டிஸ்டார்ஷன் ஸ்பீக்கருடையதில் பத்தில் ஒரு பங்குகூட இராது, ஸ்பீக்கர் வழியாகக் கேட்டால் அது புதைந்துபோகும். நேராக வயரில் எடுக்க வேண்டும். 100 வாட்டுக்கு 28.3 வோல்ட், லேப்டாப்பின் லைன் இன் தாங்குவது ஏறக்குறைய 1 வோல்ட். 10 கிலோ ஓம், 330 ஓம் என்று இரண்டு கால் வாட் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்து, 330-இன் குறுக்கே எடுத்தால் 0.9 வோல்ட் வரும். லேப்டாப்பைச் சார்ஜரிலிருந்து பிடுங்கி பேட்டரியில் ஓட்டுங்கள், இல்லையென்றால் இரண்டு எர்த் சேர்ந்து கிரவுண்டு லூப் ஹம் வரும். பிரிட்ஜ் மோடிலும் (இரண்டு சேனலைச் சேர்த்து ஒரே ஸ்பீக்கருக்கு ஓட்டுவது) பல கிளாஸ்-டி ஆம்புகளிலும் கறுப்பு முனையும் உயிருள்ள முனைதான். அதில் லைன் இன் கிரவுண்டைத் தொட்டால் ஆம்ப், லேப்டாப் இரண்டில் ஒன்று போய்விடும். ஸ்பீக்கருக்குப் பதில் லோடாக வைக்க 8 ஓம் 100 வாட் வயர்வுண்ட் ரெசிஸ்டர் கிடைக்காவிட்டால், தண்ணீர் சூடாக்கும் 1500 வாட் ராடு நான்கை இணையாகக் கட்டி வாளித் தண்ணீரில் முக்கினால் 8.8 ஓம் கிடைக்கும். முக்காமல் ஓட்டக் கூடாது, பிளக்கைச் சுவரில் சொருகவே கூடாது.

5200/1943 டிரான்சிஸ்டர் போட்டு உள்ளூரில் அடிக்கிற ஆம்புகளில் இரண்டு நோய்கள் மாறி மாறி வருகின்றன. ஒன்று, பயஸ் (ஓசை இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் சின்னக் கரண்டு) இறங்கிப்போவது. 50 வாட்டில் அளந்தால் எல்லாம் நல்லபடியாக இருக்கும், அரை வாட்டில் அளந்தால் சதவீதம் கூடும், ஐந்து, ஏழு, ஒன்பது என்று மேல் ஹார்மோனிக்குகள் வரிசையாக நிற்கும். எமிட்டர் ரெசிஸ்டரின் குறுக்கே மில்லிவோல்ட் வைத்தால் ஏறக்குறைய சைபர். இது கூட்டம் கலைந்த பிறகு மெதுவாக ஓடும் பாட்டில்தான் காதுக்குப் படும், "பாட்டு மணல் மென்ன மாதிரி இருக்கு" என்று சொல்வார்கள். இன்னொன்று ஆம்பின் தப்பே இல்லை: கொடை நடக்கிற ஊர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசிக் கம்பம், சீரியல் லைட் எல்லாம் எரியும் நேரம், 230 வரவேண்டிய இடத்தில் 190 வோல்ட். டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ஆம்பின் உள் வோல்ட்டும் அதே விகிதத்தில் இறங்கும். கிளிப் ஆகாமல் கொடுக்கிற வாட் 68 சதவீதமாகிவிடும். பகலில் 300 வாட்டுக்கு நின்ற ஆம்ப் ராத்திரி 200-இல் உடைகிறது. அளந்த அன்றைய மெயின்ஸ் வோல்ட்டையும் குறித்து வைக்காவிட்டால் அந்த அளவால் பயன் இல்லை.

100 வோல்ட் லைனில் (நீள வயருக்காக வோல்ட்டை ஏற்றி அனுப்பும் முறை) நிற்கும் கூம்புகளுக்கு ஒரு வார்த்தை. லைன் டிரான்ஸ்ஃபார்மரின் இரும்பு காந்தப்புலத்தால் நிறைந்துபோவது வோல்ட்டை அதிர்வெண்ணால் வகுத்த கணக்கு. 100 ஹெர்ட்ஸில் தாங்கும் வோல்ட்டில் பாதியைத்தான் 50 ஹெர்ட்ஸில் தாங்கும். பேஸைத் திருகினால் மூன்றாம் ஹார்மோனிக் கொப்பளிக்கும், ஆம்பும் சூடாகும். கூம்பு எப்படியும் அந்தப் பேஸை வெளியே விடப்போவதில்லை, மிக்ஸரிலேயே 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டால் பாதிக் கரகரப்பு நின்றுவிடும்.

சரி, எண் குறைந்தால் காதுக்கு நன்றாக இருக்குமா? இங்கேதான் டிஎச்டி என்ற, எல்லா ஹார்மோனிக்கையும் சேர்த்த மொத்தக் கணக்கு ஏமாற்றுகிறது. 2003-இல் ஏர்ல் கெடெஸ், லிடியா லீ இருவரும் ஆட்களை உட்காரவைத்துக் கேட்கச் செய்ததில், டிஎச்டி எண்ணுக்கும் "மோசம்" என்று அவர்கள் சொன்னதற்கும் உருப்படியான தொடர்பு இல்லை என்று வந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1950-இல் பிபிசியின் டி.ஈ.எல். ஷார்ட்டர் ஒவ்வொரு ஹார்மோனிக்கையும் அதன் எண்ணின் வர்க்கத்தை நான்கால் வகுத்த எடையில் பெருக்கச் சொன்னார். இரண்டாவதற்கு எடை 1, நான்காவதற்கு 4, ஆறாவதற்கு 9, பத்தாவதற்கு 25. காரணம், பலத்த ஸ்வரம் தனக்குச் சற்று மேலே உள்ள ஸ்வரத்தை நம் காதில் மூடிவிடும், தூரத்தில் உள்ளதை மூடாது. ஆர்இடபிள்யூவில் மொத்த எண்ணைப் பார்க்காமல் ஹார்மோனிக்கைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். 60 ஹெர்ட்ஸில் இரண்டாவது 3 சதவீதம் இருந்தால் கவலை வேண்டாம். ஏழாவது அரை சதவீதம் இருந்தால் பெட்டியைக் கழற்றுங்கள். பேஸுக்கு இன்னொரு கோணமும் உண்டு: 40 ஹெர்ட்ஸை விட 120 ஹெர்ட்ஸ் நம் காதுக்கு 15 டெசிபெல்லுக்கு மேல் கூடுதலாகக் கேட்கும். சப் ஊஃபர் தருகிற மூன்றாம் ஹார்மோனிக்கைத்தான் பலர் "நல்ல பேஸ்" என்று பாராட்டுகிறார்கள், பாவம்.

ஹார்மோனிக்கை விடக் காதை உறுத்துவது இரண்டு ஸ்வரம் கலந்து பிறக்கும் மூன்றாவது. வில்லுப்பாட்டில் குடத்தின் அடி கோனை முன்னும் பின்னும் தள்ளும்போது அதே கோனில் அண்ணாவியின் (முதன்மைப் பாடகர்) குரலும் ஓடுகிறது. 60 ஹெர்ட்ஸும் 800 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் 740, 860 என்று இரண்டு பக்கமும் முளைக்கும். எந்த ராகத்துக்கும் சேராத ஸ்வரங்கள். குரல் கரகரக்கிறது என்று தோன்றும், பாடகருக்குத் தொண்டை கட்டியதாகச் சொல்வார்கள். ஆர்இடபிள்யூ ஜெனரேட்டரில் "டூயல் டோன்" இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ், 7 கிலோஹெர்ட்ஸ், அளவு நான்குக்கு ஒன்று என்ற பழைய எஸ்எம்பிடிஈ (அமெரிக்கத் திரைப்படப் பொறியாளர் சங்கம்) சோதனை தயாராகவே உண்டு. நம் பெட்டிகளுக்கு அதைவிட 60-உம் 800-உம் நாமே இட்டுப் பார்ப்பது பொருத்தம். குடத்துக்குத் தனி சப், குரலுக்கு 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிய டாப் என்று பிரித்ததும் அந்தப் பக்கக் கோடுகள் எவ்வளவு சரிகின்றன என்று பார்த்தால் கிராஸ்ஓவருக்குச் செலவழிக்கத் தயங்க மாட்டீர்கள்.

காதால் சோதிக்க நாகஸ்வரமும் தவிலும் வேண்டாம். நாகஸ்வரத்தின் சொந்த ஹார்மோனிக்குகளே அடர்த்தி, தவிலின் அடியில் சில மில்லிவினாடி கிளிப் ஆனது தெரியாது. சுருதிப் பெட்டியின் நீட்டு ஓசை, புல்லாங்குழல், தனிப் பெண் குரல் ஆகியவைதான் குறையைக் காட்டிக்கொடுக்கும். இரண்டு ஆம்பை ஒப்பிடும்போது சத்தத்தை 0.2 டெசிபெல்லுக்குள், அதாவது வோல்ட்டில் 2 சதவீதத்துக்குள், மல்டிமீட்டரால் சமப்படுத்துங்கள். சற்றுக் கூடுதலாக ஓடுவதே நல்லது என்று காது தீர்ப்பு எழுதிவிடும்.

கடைசியாகக் காயில் உரசல். ரீகோன் செய்து (கோனும் காயிலும் மாற்றி) வந்த ஸ்பீக்கரைக் காசு கொடுக்கும் முன் கடையிலேயே பார்க்கலாம். 2 அல்லது 3 வோல்ட்டில் சைன் ஓசையை 20 ஹெர்ட்ஸிலிருந்து 300 வரை மெதுவாகக் கையால் ஏற்றுங்கள், காதைப் பக்கவாட்டில் வையுங்கள், முன்னால் வேண்டாம். ஸ்வரத்தோடு சேராத சின்ன "சர்" ஒன்று, பெரும்பாலும் ரெசனன்ஸுக்கு (கோன் தானாக அதிகம் ஆடும் அதிர்வெண்) அருகிலும் அதன் இரண்டு மடங்கிலும் வரும். மைக் வரைபடத்தில் இது இருபது முப்பதாவது ஹார்மோனிக்குகளில் தூவிக் கிடப்பதால் டிஎச்டி எண் அசையாது. ஆர்இடபிள்யூ பெயரிட்டுப் பிரித்துக் காட்டுகிற முதல் சில ஹார்மோனிக்கிலும் ஒன்றும் இராது. சப்தம் கேட்டால் கோனை நான்கு திசையிலும் விரலால் இலேசாக அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் அழுத்தும்போது நின்றால் காயில் நடுவில் உட்காரவில்லை, திருப்பிக் கொடுங்கள். எந்தப் பக்கம் அழுத்தினாலும் நிற்காவிட்டால் டஸ்ட் கேப் பசை, காயிலுக்குப் போகும் லீட் வயர் கோனில் அடிப்பது, கிரில் ஸ்க்ரூ என்ற வரிசையில் தேடுங்கள். பெட்டிக்குள் போட்ட பிறகு மட்டும் வருகிற "புஸ்" என்ற ஓசை பெரும்பாலும் கைப்பிடி ஓரத்தில் காற்று ஒழுகுவது. ரப்பர் பட்டை ஒட்டினால் போய்விடும்.

தனி ஆளாகத் தொழில் செய்து ஆண்டுக்கு நாலைந்து கொடை பார்க்கிறவர் மைக் வாங்க வேண்டாம். ஆர்இடபிள்யூவை இறக்கி, இரண்டு ரெசிஸ்டரும் மல்டிமீட்டரும் வைத்து ஆம்பைச் சரிபார்த்தாலே பாதிப் புகார் நிற்கும். பெட்டி கட்டி விற்கிறவரும் மாதம் பத்து ஸ்பீக்கர் காயில் மாற்றுகிறவரும் யூமிக்-1 வாங்கலாம். வாங்கியதும் கேலிபரேஷன் கோப்பை இரண்டு இடத்தில் சேமியுங்கள், வரிசை எண்ணைத் தனியாக எழுதி வையுங்கள். தூசி ஏறும் ஆம்ப் பெட்டிக்குள் போடாமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வையுங்கள். கீழே விழுந்த மைக்கின் கோப்பை மறுபடி நம்பாதீர்கள். பழுதில்லாத ஒரு பெட்டியை வாங்கிய அன்றே அளந்து அந்தக் கோட்டைச் சேமித்திருந்தால், அதே களத்தில் அதே தூரத்தில் அளந்து மைக் இன்னும் சரியாக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளலாம்.